பிளக் நுழைந்தால் மட்டும் போதாது: பழைய ஹை-ஃபை செட்டை வீட்டில் இணைக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்த பல குடும்பங்களில், தொண்ணூறுகளில் வாங்கிய அம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவற்றோடு புதிய இசைத்தட்டுச் சுழலியையோ டிவியையோ கணினியையோ இணைக்க முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எல்லா ஒயர்களும் எல்லாத் துளைகளிலும் நுழைந்துவிடுகின்றன. ஆனால் ஒலி சரியாக வருவதில்லை. ஸ்பீக்கர் எது, அம்ப்ளிஃபையர் எது என்பதை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன் என்பதால் குமிழ்களையும் பொத்தான்களையும் விளக்கப்போவதில்லை.

முதல் படி: ஸ்பீக்கரையும் அம்ப்ளிஃபையரையும் பொருத்துதல்

ஸ்பீக்கரின் பின்புறத் தகட்டில் எத்தனை ஓம் (மின்னெதிர்ப்பின் அளவு) என்று பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால், ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை முனைகளில் வைத்து அளக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 என்றும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 என்றும் காட்டும். அம்ப்ளிஃபையரின் பின்புறம் குறிப்பிட்டுள்ள குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே போகக்கூடாது. கூடத்தில் ஒரு ஜோடி, அஞ்சடியில் (வீட்டு முகப்பில்) ஒரு ஜோடி என்று வைத்து, இரண்டையும் ஒருசேர ஒலிக்கச் செய்யும் ‘ஏ+பி’ பொத்தானை அழுத்துபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான அம்ப்ளிஃபையர்களில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் இணையாகச் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும். தீபாவளியன்று மதியத்துக்குள் செட் கொதித்துப்போய்த் தானாக நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபல் என்றால், 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் அவ்வளவு ஒலி கிடைக்கும். 20 வாட் கொடுத்தால் அது 100 டெசிபலை எட்டும். அடுத்த 3 டெசிபலுக்கு வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். நம் வீட்டுக் கூடத்துக்கு 30 வாட் நேர்மையாகத் தரும் அம்ப்ளிஃபையரே போதும் என்பது என் கருத்து. மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.

இரண்டாம் படி: ஸ்பீக்கர் ஒயர்

மின்சாமான் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 10 மீட்டர் தூரம் வரைக்கும் போதுமானது. போக வரச் சேர்த்து அதன் மின்தடை கால் ஓமைக்கூட எட்டாது. விலையுயர்ந்த ஒயர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாங்குமுன் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செட்டை அணைத்துவிட்டு, முனையில் 1 சென்டிமீட்டர் மட்டும் தோலை உரித்து, இழைகளை நன்றாக முறுக்கிச் சொருகுங்கள். பிரிந்து நிற்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலே அம்ப்ளிஃபையருக்குக் கேடு. சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பாட்டு கேட்கும், ஆனால் தவிலின் அடி ஓசை காணாமல் போய், குரல் நடுவில் நிற்காமல் அங்குமிங்கும் சிதறும்.

மூன்றாம் படி: எந்தத் துளையில் எந்தக் கருவி

சிடி பிளேயர் ஏறத்தாழ 2 வோல்ட் தருகிறது. இசைத்தட்டுச் சுழலியின் சாதாரண எம்எம் (நகரும் காந்த) ஊசித்தலை தருவதோ 5 மில்லிவோல்ட் அளவே. இரண்டுக்கும் ஒரே ஆர்சிஏ பிளக்தான் (நடுவில் ஒரு முள், சுற்றிலும் உலோக வளையம்) என்பதால் குழப்பம் இயல்பு. சுழலியை ‘ஃபோனோ’ துளையில்தான் செருக வேண்டும். ஒலியைப் பெருக்குவதோடு, தட்டில் பதியும்போது குறைத்த அடி ஓசையையும் கூட்டிய உச்ச ஓசையையும் அங்குள்ள சுற்று பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. புதிய சுழலிகள் பலவற்றில் அந்தச் சுற்று உள்ளேயே இருக்கும். அப்படியானால் பின்புறச் சுவிட்சை ‘லைன்’ பக்கம் தள்ளி, ‘ஆக்ஸ்’ துளையில் செருகுங்கள். இரண்டு இடத்திலும் பெருக்கினால் ஒலி கரகரத்து உடையும்.

நான்காம் படி: உறுமல்

என்னை மிக அதிகமாக அலைக்கழித்தது இதுதான். எங்கள் வீட்டில் டிஷ் டிகோடரை (செயற்கைக்கோள் டிவிப் பெட்டியை) மட்டும் இணைத்தால் அமைதி. கணினியை மட்டும் இணைத்தாலும் அமைதி. இரண்டும் சேர்ந்திருந்தால், எதில் பாட்டுக் கேட்டாலும் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். கருவி எதிலும் பழுதில்லை. டிஷ்ஷின் இரும்புக் கம்பம் சுவர் வழியாக நிலத்தைத் தொடுகிறது. கணினியோ சுவர் பிளக்கின் எர்த் கம்பி வழியாகத் தொடுகிறது. இரண்டையும் அம்ப்ளிஃபையர் ஒன்றுசேர்ப்பதால் ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒலியோடு கலக்கிறது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எல்லா ஆர்சிஏ ஒயர்களையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். உறுமல் எந்த ஒயரில் தொடங்குகிறதோ, அது வளையத்தின் ஒரு கை. மூன்று முள் பிளக் இருப்பதாலேயே எர்த் இருப்பதாகக் கொள்ள வேண்டாம். கருவியின் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிட்டிருந்தால் அதில் பாதுகாப்பு எர்த் இல்லை என்று பொருள். உறுமல் சுழலியில் மட்டும் கேட்டு, அதன் உலோகப் பகுதியைத் தொட்டதும் குறைந்தால், மெல்லிய எர்த் கம்பியை அம்ப்ளிஃபையரின் ‘ஜிஎன்டி’ திருகில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பிளக்கைத் திறந்து எர்த் கம்பியை வெட்டிவிடுமாறு சிலர் யோசனை சொல்வார்கள். உறுமல் நிற்கும், ஆனால் கருவிக்குள் ஒயர் கழன்று பெட்டியைத் தொட்டால் 240 வோல்ட் உங்கள் கைக்கு வரும். செய்யவே கூடாது. ஆன்டெனா ஒயரில் செருகி மின் தொடர்பைத் துண்டிக்கும் சாதாரணத் தனிப்படுத்தியும் டிஷ்ஷுக்கு உதவாது, ஏனெனில் கம்ப முனையிலுள்ள, சமிக்ஞையைப் பெறும் எல்என்பி கருவிக்கு மின்சாரம் அதே ஒயரில்தான் செல்கிறது. நான் பரிந்துரைப்பது ஆப்டிகல் ஒயர்: அதில் ஒளி மட்டுமே செல்வதால் வளையம் அறுந்துவிடுகிறது. பழைய அம்ப்ளிஃபையரில் ஆப்டிகல் துளை இருக்காது. இடையில், டிஜிட்டல் ஒலியை அம்ப்ளிஃபையருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் ‘டிஏசி’ என்னும் சிறு பெட்டியை வைக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ஆப்டிகல் ஒயரை மாட்டியும் சத்தமே வரவில்லை என்று பலர் கேட்டுவிட்டார்கள். டிவி அல்லது டிகோடரின் ஒலி அமைப்புக்குள் சென்று, ‘டால்பி’ (சுருக்கிய ஒலி வடிவம்) அல்லது ‘ஆட்டோ’ என்றிருப்பதைப் ‘பிசிஎம்’ (சுருக்காத வடிவம்) என்று மாற்றுங்கள்; சிறிய டிஏசிகளில் பெரும்பாலானவற்றுக்கு டால்பியைப் பிரித்தறியத் தெரியாது. சத்தம் வந்த பிறகும் ரிமோட்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை என்றால் அது பழுதன்று. பல டிவிகளில் ஆப்டிகல் வழி ஒரே அளவில்தான் வெளிவரும், அம்ப்ளிஃபையரின் குமிழைத்தான் திருக வேண்டும்.

இன்னொருவர், இடி விழுந்த மறுநாள் டிஏசி செத்துக் கிடந்ததாக எழுதியிருந்தார். மாலை மழைக்கு மேகம் திரளும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவர் பிளக்கையும் பிடுங்கி, டிகோடரின் பின்னாலிருக்கும் டிஷ் ஒயரையும் திருகிக் கழற்றிவிடுங்கள்.