கார் பேட்டரி: வெயிலும் சும்மா நிற்பதும்

சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் சுற்றவில்லை. உடனே புது பேட்டரிக்குக் காசு எண்ண வேண்டாம். பானட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் (ப்ளஸ், மைனஸ் முனைகள்) வயரைக் கவ்வியிருக்கும் கிளாம்புகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் 10 மி.மீ. ஸ்பேனரால் முறுக்குங்கள், பல சமயம் அதிலேயே வண்டி கிளம்பிவிடும். டெர்மினல் ஈயத்தால் ஆனது, மிருதுவானது. பலத்தைக் காட்டி முறுக்கினால் அடியோடு ஆடத் தொடங்கிவிடும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். முதலில் கழற்றுவது மைனஸ், மாட்டும்போது கடைசியாக மாட்டுவதும் மைனஸ். வண்டியின் பாடி முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸைக் கழற்றாமல் ப்ளஸ்ஸில் கை வைத்து, ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். கையில் மோதிரம் இருந்தால் அதுவும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை அடங்கியதும் துடைத்துக் காயவிட்டு, கிளாம்பை மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். சோடா தண்ணீர் ஒரு சொட்டுகூட செல் மூடி வழியே உள்ளே போகக்கூடாது. ஆசிட்டை அது முறித்துவிடும்.

அடுத்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் கிளப்புவதற்கு முன் அளந்தால்தான் உண்மை தெரியும். ஓட்டி முடித்த கையோடு அளந்தால் பொய்க் கணக்கு காட்டும். சாதாரண ஈய-ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் 10.5-லேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு செலவு செய்வது வீண்.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால், ஓட்டத்தில் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுற்றும் பெல்ட்டையோ பாருங்கள். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரில் கோளாறு. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் என்பதால், ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நம் ஊரில் பேட்டரிக்கு எமன் வெயில்தான். சூடு கூடக் கூட உள்ளே தகடுகள் அரிக்கும் வேகமும் தண்ணீர் வற்றும் வேகமும் கூடும். அதனால் பேட்டரியைச் சுற்றிக் கம்பெனி போட்டிருக்கும் உறையை ‘இது எதற்கு?’ என்று கழற்றி எறியாதீர்கள். எஞ்சின் சூட்டைத் தடுப்பது அதுதான். மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் கோடையில் மாதம் ஒருமுறை தண்ணீர் பாருங்கள். தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. நின்றால் போதும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் காயிலின் தூசியும் உலோகமும் கலந்திருக்கும். ஆசிட்டைக் கூடுதலாக ஊற்றவே கூடாது, வற்றுவது தண்ணீர் மட்டும்தான்.

இரண்டாவது எமன் சும்மா நிற்பது. வண்டி பூட்டியிருந்தாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி இறங்கிவிடும். டேஷ்கேம் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏறாது. வாசலில் ஐந்து நிமிடம் எஞ்சினை உறும விடுவதால் பயனில்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மாதக்கணக்கில் வெளியூர் என்றால் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

சார்ஜரில் போடுவதானால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும்: 35-க்கு 3.5 ஆம்பியர். காற்றோட்டமான இடம் வேண்டும். சார்ஜ் ஆகும்போது வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஜம்பர் கேபிளிலும் இதே பயம்தான். சிவப்பை இறங்கிய பேட்டரியின் ப்ளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் ப்ளஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கவ்வ விடுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி வரும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், சிக்னலில் தானாக அணைந்து கிளம்பும் கார்களுக்கு அதற்கென்று வரும் ஏஜிஎம் (AGM) அல்லது இஎஃப்பி (EFB) வகை பேட்டரியே போட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரணம் போட்டால் தாங்காது. தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள், கடையில் கிடந்தாலும் பேட்டரி இறங்கும். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளிருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு, பில்லில் கழித்துக்கொள்வார்கள்.