வீட்டில் டிரை பயிற்சி: எதிலிருந்து கற்பது?

எழும்பூர் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, டிரை பழக நல்ல வீடியோ இருந்தால் சொல்லுங்களேன்" என்றுதான். டிரை என்றால் குண்டு (பெல்லட்) போடாமல் சுட்டுப் பழகுவது. வீடியோவும் சொல்கிறேன். அதற்கு முன் வீட்டில் ஒரு வெள்ளைச் சுவரைத் தேடுங்கள். பத்து மீட்டர் தூரத்தில் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டலுக்கு அதைவிடக் கண்டிப்பான ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பிஸ்டலின் மேல் குறிபார்க்க இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 32 சென்டிமீட்டர். பிஸ்டல் திரும்பாமல் கை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். டார்கெட்டில் பத்துப் புள்ளி தரும் வளையம் 11.5 மில்லிமீட்டர் அகலம், ஒன்றும் கெடாது. பின் சைட்டின் பிளவுக்குள் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினாலோ, டார்கெட்டில் அது 31 மில்லிமீட்டராகிவிடும். பத்து ஏழாகும். ஆனாலும் டார்கெட்டின் கறுப்பு வட்டம் கண்ணில் பட்டவுடன் பார்வை அங்கேதான் ஓடுகிறது. வெறும் சுவரில் ஓடுவதற்கு இடமில்லை. முன் சைட்டை விட்டால் பார்க்க வேறொன்றும் இல்லை.

தொடங்கும் முன் பெல்லட் டப்பாவை வேறு அறையில் வையுங்கள். குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைக் குழலில் நுழைத்து, உள்ளே எதுவும் இல்லை என்று கண்ணால் உறுதி செய்யுங்கள். பெரம்பூர், அயனாவரம் பக்கத்து அடுக்ககங்களில் எதிர்வீட்டு பால்கனி மிக அருகில் இருக்கும். திரைச்சீலையை இழுத்து மூடுங்கள். சன்னலை நோக்கியோ ஆட்கள் நடமாடும் கதவை நோக்கியோ காலிப் பிஸ்டலையும் நீட்டக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

எல்லாப் பிஸ்டலும் டிரைக்கு ஏற்றதல்ல. ஸ்டெயர் எல்பி10 போன்றவற்றில் காற்றை வெளியேற்றாமல் டிரிகரை மட்டும் இயக்க வழி உண்டு. ஸ்பிரிங் வகைப் பிஸ்டலைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டனும் சீலும் கெடும். அதில் ஹோல்டிங் (சுடாமல் குறிபார்த்துப் பிடித்து நிற்பது) மட்டும் செய்யுங்கள். 25 மீட்டருக்கான .22 பிஸ்டலில் தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின், தோட்டா இல்லாதபோது அது அமரும் சேம்பரின் விளிம்பில் மோதக்கூடும் என்பதால் அங்கே செருகும் பிளக் தேவை.

சுவருக்கு முன் இரண்டு மீட்டரில் நில்லுங்கள். கையை உயர்த்தி, மெல்ல இறக்கி, நிலைக்கு வாருங்கள். முன் சைட்டின் மேல்விளிம்பு கூர்மையாகத் தெரியட்டும். டிரிகரின் முதல் அழுத்தத்தை எடுத்துக்கொண்டு, மீதியை நிறுத்தாமல் பின்னோக்கி அழுத்துங்கள். 'டிக்' என்ற கணத்தில் முன் சைட் அசைந்ததா, எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் கண் அங்கே இருக்கவில்லை. 'டிக்' கேட்டவுடன் கையைத் தொங்கவிடாமல் இரண்டு விநாடி அப்படியே நில்லுங்கள். எட்டு, பத்து விநாடிக்குள் டிரிகர் போகவில்லை என்றால் சுடாமல் இறக்குங்கள். இப்படி இறக்கும் துணிச்சலை வீட்டில் பழகாதவர்களுக்குப் போட்டியில் அது வருவதில்லை.

மே மாத வியர்வையில் கை கிரிப்பில் வழுக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பிடி மாறும், உடம்பு அதையும் மனப்பாடம் செய்யும்.

சுவர் பழகிய பிறகு டார்கெட். ரேஞ்சில் கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர். மூன்று மீட்டரில் நிற்கிறீர்கள் என்றால் 18 மில்லிமீட்டர் வட்டம் வரைந்து ஒட்டுங்கள். உயரத்தையும் தூரத்துக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். ரேஞ்சில் டார்கெட்டின் நடு 140 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் கண் 160 சென்டிமீட்டரில் இருந்தால் மூன்று மீட்டர் சுவரில் அது 154. இதைக் கவனிக்காமல் ஒட்டினால் தோள் வேறு கோணத்துக்குப் பழகிவிடும்.

இனி வீடியோ. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் யூடியூப் பக்கத்தில் உலகக் கோப்பை இறுதிச்சுற்றுகள் முழுமையாகக் கிடைக்கின்றன. ஒலியை அணைத்துவிட்டு ஒரே ஒரு வீரரை மட்டும் பாருங்கள்: கை உயர்ந்ததிலிருந்து சுடும் வரை எத்தனை விநாடி, எத்தனை முறை சுடாமல் இறக்கினார். பாரிஸ் 2024இல் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்ற இறுதிச்சுற்றின் கணக்கு, 250 விநாடிக்கு ஐந்து ஷாட் என இரண்டு தொடர், பிறகு 50 விநாடிக்கு ஒன்று. 0.1 புள்ளியில் அவருக்கு வெள்ளிக்கான வாய்ப்பு கைநழுவியது. அதே நேரக் கணக்கைக் கைபேசியில் வைத்து வீட்டில் சுட்டுப் பாருங்கள். உபதேச வீடியோக்களில் பெரும்பாலானவை எனக்குப் பயன்பட்டதில்லை.

ஐஎஸ்எஸ்எஃப் விதிநூல் இணையத்தில் இலவசம். அதைப் படிக்காமல் போட்டிக்குப் போகாதீர்கள். காற்று வெளியேறாத டிரை போட்டியின் நடுவிலும் அனுமதிக்கப்படுகிறது. போட்டி தொடங்கிய பின் பெல்லட் இல்லாமல் காற்று வெளியேறினால் அது பூஜ்யம். டிரை லீவரை மாற்றுவதும் திருப்பி வைப்பதும் வீட்டிலேயே கைப்பழக்கமாக வேண்டும்.

ஸ்காட் கருவி நல்லதுதான், விலை அதிகம். குழலின் அசைவைத் திரையில் கோடாக வரையும், கடைசி ஒரு விநாடி மஞ்சளில், சுட்ட பிறகு சிவப்பில். ஆரம்பத்திலேயே வாங்க வேண்டாம். வைத்திருப்பவரிடம் ஒரு நாள் கேட்டுப் பயன்படுத்துங்கள். நீங்கள் வாய்விட்டுச் சொன்ன பக்கமும் மஞ்சள் கோடு போன பக்கமும் ஒன்றாக இருந்தால், இப்போதைக்கு உங்களுக்கு அந்தக் கருவி தேவையில்லை.