மாரி மழையும் என் சில்க்கிக் கோழிகளும்

ஆரையம்பதி மணலில் நான்கு சில்க்கிக் கோழிகள் வளர்க்கிறேன். இதன் இறகு பஞ்சு மாதிரி. மழைத்தண்ணீர் வழிந்தோடாது, ஊறிவிடும். ஐப்பசி பிறக்க முன்பே கூட்டுக்குத் தகரம் போட்டு, பக்கங்களுக்குக் கிடுகு கட்டிவிடுங்கள். நனைந்தால் துவாயால் ஒற்றியெடுத்து, காற்றுப்படாத இடத்தில் காயவிட வேண்டும். போன மாரியில் ஒன்று எங்கள் குசினியில் இரண்டு நாள் குடியிருந்தது. அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

பறக்காது, படுக்க ஒரு சாண் உயரப் பலகை போதும். கொண்டை மயிர் கண்ணை மூடினால் கீரி வருவதும் தெரியாது, நுனியைக் கத்தரியுங்கள். அப்படியே கோழிப்பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோல் கறுப்புத்தான், பயப்பட வேண்டாம்.

அடைகிடப்பதில் மட்டும் இதை மிஞ்ச ஆளில்லை. ஊர்க்கோழி முட்டை வைத்தேன். 21 நாளில் ஏழு குஞ்சு.