அப்பத்தா செஞ்ச கம்மங்கூழ், நம்ம வீட்டு மிக்ஸியில

சின்ன வயசுல லீவுக்கு ஊருக்குப் போனா காலைல காபி கிடையாது, காட்டுக்குப் போறவங்களுக்குக் கரைக்கிற கூழ்லயே நமக்கும் ஒரு சொம்பு, கடிச்சுக்க ரெண்டு சின்ன வெங்காயம், அவ்வளவுதான். இப்ப அதே கூழைத் தள்ளுவண்டில வாங்கிக் குடிக்கிறோம், வீட்ல செய்ய ஆளில்ல. அதனால போன கோடையில அப்பத்தா பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அவங்ககிட்ட "எவ்வளவு போடணும்"னு மட்டும் கேக்காதீங்க, "பாத்துப் போடு"ன்னுதான் பதில் வரும். நான் என்ன பண்ணேன்னா அவங்க அள்ளிப் போடுற பாத்திரத்துக்கு அடியில தராசை வச்சுட்டேன், அப்புறம் சில இடத்துல வேணும்னே தப்பா செஞ்சேன். உடனே திட்டு விழும். அந்தத் திட்டுலதான் பக்குவமே இருக்கு.

கம்பு ஒரு உழக்கு எடுத்துக்கங்க, ஒரு படில நாலுல ஒரு பங்கு, உழக்கு இல்லன்னா ஏதாவது ஒரு டம்ளர், கடைசி வரைக்கும் அதே டம்ளர்தான் அளவு. கல் பொறுக்கிட்டு ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி தெளிச்சுப் பிசிறி 15 நிமிஷம் வைங்க. நான் அரை டம்ளர் ஊத்தினேன், "ஏண்டி, கம்பைக் குளிப்பாட்டுறியா"ன்னாங்க. மேல்தோல் மட்டும் ஈரமாகணும், உள்ள ஊறிடுச்சுன்னா உமி கழறாது, நசுங்கிக் கூழாயிடும்.

உரல் உலக்கைக்குப் பதிலா மிக்ஸில விட்டு விட்டு நாலஞ்சு சுத்து போதும். முறத்துல கொட்டிப் புடைச்சா உமி பறக்கும், முறம் இல்லாதவங்க தாம்பாளத்துல கொட்டி ஃபேனுக்கு முன்னாடி நின்னு தூத்துங்க (பால்கனில நில்லுங்க, நான் ஹால்ல தூத்திட்டு ரெண்டு நாள் கூட்டினேன்). திரும்ப ஒரு ஓட்டு ஓட்டிச் சலிச்சா நொய் தனியா மாவு தனியா வந்துரும். மொத்தமா அரைச்சு வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, கம்புல 100 கிராமுக்கு 5 கிராம் பக்கம் கொழுப்பு இருக்கு, அரிசியை விட ரொம்ப ஜாஸ்தி, அதனால மாவு சீக்கிரமே சிக்கு வாடை அடிச்சுக் கசந்துரும். அன்னன்னைக்குக் குத்தினதுக்குக் காரணம் இதுதான், அவங்களுக்கு வேற வேலை இல்லாம இல்ல.

ஒரு உழக்குக் கம்புக்கு நாலு உழக்குத் தண்ணி. அதுல ஒரு உழக்குல மாவைக் கட்டியில்லாம கரைச்சு வச்சுட்டு மிச்சத்தை அடிகனமான பாத்திரத்துல கொதிக்க விட்டு உப்பு, நொய் போடுங்க. நொய் மலர்ந்ததும் கரைச்ச மாவை ஊத்திட்டு விடாம கிண்டணும், போன் அடிச்சாலும் எடுக்கக்கூடாது, அடி பிடிச்சா அந்த வாடை கடைசி சொம்பு வரைக்கும் வரும். கெட்டியானதும் கையைத் தண்ணில நனைச்சுத் தொட்டுப் பாருங்க, ஒட்டலன்னா வெந்துருச்சு. தீயைக் குறைச்சு மூடி 5 நிமிஷம் விட்டு இறக்குங்க. இதுதான் கம்மஞ்சோறு, சூடா கருவாட்டுக் குழம்பு ஊத்தித் தின்னா கூழுக்கு மிச்சமே இருக்காது, எங்க வீட்ல பாதி நாள் அப்படித்தான்.

மிஞ்சினது ஆறினதும் ஈரக்கையால உருண்டை பிடிச்சு மண்பானைல போட்டு முங்குற அளவு தண்ணி ஊத்தி ராத்திரி வெளிய வைங்க. உருட்டுற வேலையைப் பசங்ககிட்ட குடுங்க, கோணலா வந்தாலும் திருத்தாதீங்க, எப்படியும் கரைக்கத்தானே போறோம். வெயில் காலத்துல விடிஞ்சா லேசாப் புளிச்சிருக்கும், குளிர்ல இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். புளிச்ச வாசம் வரணும், கெட்ட வாடை வந்தா யோசிக்காம கொட்டிருங்க.

காலைல ஒரு உருண்டையை எடுத்து அந்தத் தண்ணியோடயே கையால கரைச்சு மோர், உப்பு, நறுக்கின சின்ன வெங்காயம் போடுங்க. மிக்ஸில அடிக்காதீங்க, நொய் பல்லுல தட்டுப்படணும். தொட்டுக்க மோர் மிளகாயோ சுண்டவத்தலோ வறுத்துக்கலாம். நான் எல்லாம் எழுதி முடிச்சு அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், முழுசாக் கேட்டுட்டு "அதெல்லாம் சரி, உப்பைப் பாத்துப் போடு"ன்னாங்க.