மொரீஷியஸ் குடும்பப்பெயருக்கு ஊர் கண்டுபிடிப்பது எப்படி

வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் விழுப்புரம் பக்கம். மொரீஷியசிலிருந்து கோயில் பார்க்க வருகிறவர்களில் சிலர், தெரிந்தவர் மூலமாக என் வீட்டுக்கும் வருவார்கள். "எங்கள் குடும்பப்பெயரில் இங்கே யாராவது இருக்கிறார்களா ஐயா?" என்பதுதான் முதல் கேள்வி. உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டு வந்தால் உதவியாக இருக்கட்டும் என்று, நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

அந்தப் பெயரை இங்கே தேடாதீர்கள். 1834-இல் தொடங்கி ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவில் இறங்கினார்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? கருப்பன் என்றால் கருப்பன், அவ்வளவுதான். அவருக்குத் தீவில் பிள்ளை பிறந்து பதிவு செய்தபோது அப்பா பெயர் குடும்பப்பெயராக நின்றுவிட்டது. ஒரே கப்பலில் போன அண்ணன் தம்பியின் வாரிசுகள் இன்று வேறு வேறு குடும்பப்பெயரோடு இருக்கலாம். ஆக, அந்தப் பெயர் அங்கே போய்த்தான் குடும்பப்பெயர் ஆனது. இங்கே அது ஒரு தனி மனிதரின் பெயர்.

அது எந்தப் பெயர் என்று தெரிந்துகொள்ள, வந்தவரையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் பழகிய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இவை. 'கர்ப்பென்' என்பது கருப்பன், 'மூர்கென்' முருகன், 'மார்டேமூட்டூ' மருதமுத்து, 'கனபாடி' கணபதி. இரண்டு மூன்று முறை வேகமாகச் சொன்னால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. தேட வேண்டியது எண்ணை. தீவில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், பெண்களுக்கும்கூட, தனியாக ஒரு குடியேறி எண் கொடுத்தார்கள். வந்தவர் தன் பிறப்புச் சான்றிதழில் ஆரம்பித்து அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்களை அங்குள்ள சிவில் பதிவு அலுவலகத்தில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே பின்னால் போக வேண்டும். ஏதாவது ஒரு தாளில் பெயரோடு அந்த எண்ணும் இருக்கும். இந்த வேலையை முடிக்காமல் விமானம் ஏறி வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கையில் வெறும் பெயரை வைத்துக்கொண்டு இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

எண் கிடைத்துவிட்டால் மொரீஷியசிலேயே மோக்கா என்ற ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போகச் சொல்லுங்கள். குடியேறிகளின் பேரேடுகள் அங்கேதான் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், கப்பல், மாவட்டம், கிராமம் என்று எழுதியிருப்பார்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. 1867-இல் வந்த சட்டம் ஒப்பந்தம் முடிந்தவர்களைப் படம் ஒட்டிய சீட்டு வைத்திருக்கச் சொன்னது. அதனால் சிலருக்கு முன்னோரின் முகமே கிடைத்துவிடுகிறது.

பேரேட்டில் சாதி என்ற இடத்தில் 'மலபார்' என்று இருந்தால் கேரளாவுக்கு ஓடாதீர்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் எழுதினார்கள். தெலுங்கரை 'ஜென்டூ' என்றார்கள்.

சரி, மாவட்டத்துக்கு வருவோம். என் வேலை அனுபவம் உதவுவது இங்கேதான். தென்னாற்காடு என்று இருந்தால் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றோடு திருவண்ணாமலை வட்டத்தையும் பாருங்கள், அந்தக் காலத்தில் அதுவும் தென்னாற்காட்டில்தான் இருந்தது. தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது, 2019-இல் கள்ளக்குறிச்சி தனியாகப் போனது. வடாற்காடு என்றால் திருவண்ணாமலை மாவட்டத்தின் மற்ற வட்டங்களும் வேலூர்ப் பக்கமும். 'சிங்கிள்புட்' செங்கல்பட்டு, அதில் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அடக்கம். 'திரினாமலி' என்று இருந்தால் திருவண்ணாமலை. கிராமத்தின் பெயரை வட்டத்தோடு சேர்த்தே படியுங்கள். நல்லூர், புதூர் எல்லாம் வட்டத்துக்கு வட்டம் உண்டு. வருவாய்க் கிராமப் பட்டியலில் இல்லையென்றால் குக்கிராமமாக இருக்கலாம். அதை உள்ளூர் கிராம நிர்வாக அலுவலரிடமோ பழைய தபால்காரரிடமோ கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பட்டாவிலும் அ-பதிவேடு என்ற கிராம நிலக் கணக்கிலும் தேடலாமா என்பார்கள். நிலம் இருந்தவர் எதற்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பல் ஏறப் போகிறார்? பெரும்பாலானோர் பெயர் அதில் இருக்காது. அதைவிடக் குலதெய்வம் எது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசாத வீட்டில்கூட மதுரை வீரனுக்கோ முனீஸ்வரனுக்கோ வருஷத்துக்கு ஒரு நாள் படையல் போடும் பாட்டி ஒருத்தி இருப்பார். எந்தச் சாமி, எந்த மாதம், என்ன படைப்பார்கள், தலைமுறை விட்டுத் தலைமுறை எந்தப் பெயர் வைப்பார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வரட்டும். ஊரில் அதே சாமியைக் கும்பிடும் பங்காளிகள், அவர்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வரும் வீடு என்று அப்புறம் சுருங்கிக்கொண்டே வரும். சாதியைத் தெருவில் நின்று உரக்கக் கேட்க வேண்டாம். பெரியவர்கள் யாராவது ஒருவரிடம் உட்கார்ந்து பேசினால் போதும்.

புதுச்சேரியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டிலேயே போன கைவினைஞர் வழி வந்தவர்களுக்கு இந்த எண் கிடையாது. பிரெஞ்சுப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியன், குவாதலூப் குடும்பங்களுக்கு, பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள ஆவணக் காப்பகம் தன் பதிவுகளில் பலவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் அங்கே உண்டு. தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கு 1860-இல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' முதல் அடுத்தடுத்த கப்பல்களின் பட்டியல்களிலும் எண்ணும் ஊரும் இருக்கின்றன. வழி இதேதான்.

வருகிறவர்களை முடிந்தால் ஆடி மாதத்தில் வரச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் சென்னை, பெங்களூர் என்று பிழைக்கப் போன பங்காளிகள் எல்லாம் ஊருக்கு வந்துவிடுவார்கள். ஒவ்வொரு வீடாக அலைய வேண்டியதில்லை.