பதினாறாம் நாள் இல்லாத இழப்புகள்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார்கள். சம்பந்தி வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ சாப்பாடு வந்துவிடும். துட்டி கேட்க வருகிற ஒவ்வொருவரும், "கடைசியா என்ன சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு உசுரு போச்சு" என்று அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அப்போது எரிச்சலாக இருந்தாலும், நடந்ததைப் பத்துப் பேரிடம் பத்து முறை சொல்லிச் சொல்லித்தான் மனம் அதை நம்பத் தொடங்குகிறது. பதினாறாம் நாள் கருமாதி, அந்த ஆண்டு பண்டிகை இல்லை, ஆண்டு முடிவில் திதி என்று, துக்கம் இறங்கி வருவதற்கு நம் முன்னோர் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள்.

பணி ஓய்வுக்கு அப்படி ஒரு படிக்கட்டு கிடையாது. வீடு மாறுவதற்கும், மணமுறிவுக்கும், பிள்ளைகள் வெளிநாடு போய்விடுவதற்கும், சர்க்கரை நோயால் காலில் விரல் எடுப்பதற்கும்கூட இல்லை. நான் 60 வயதில் அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒரு மாலையும், ஒரு பொன்னாடையும், ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து (இனி எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டியதில்லாதவனுக்குக் கடிகாரம்!) வேனில் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். எட்டு மாதம் கழித்து, தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் சந்துக்குள் இருந்த பூர்வீக வீட்டை அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்து விற்றோம். நானும் மனைவியும் திருநகர் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். எனக்கு வந்திருப்பது துக்கம் என்றே தெரியாமல், சாம்பாரில் உப்பு கூடிவிட்டது, பால்காரர் பிந்திவிட்டார் என்று எரிந்து விழுந்தபடியே ஓர் ஆண்டைக் கழித்தேன். அந்த ஆண்டில் நான் செய்திருக்க வேண்டியவையும், பிந்தியாவது செய்தவையும்தான் கீழே உள்ளவை.

முதலில், வந்திருப்பது இழப்புதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். விரும்பி ஏற்ற மாற்றத்திலும் இழப்பு இருக்கிறது. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்னும் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கை நிகழ்வுகள் 43ஐப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் மனிதர்மேல் ஏற்றும் சுமைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47. பணி ஓய்வுக்கு 45. திருமணத்துக்கு 50 கொடுத்திருக்கிறார்கள், அதாவது வேலை பறிபோவதைவிட மூன்று கூடுதல். வீடு மாறுவதற்கு அவர்கள் தந்தது 20தான். அது அமெரிக்கக் கணக்கு. நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு 20 போதாது என்பது என் கருத்து. ஒரு தாளில் இந்த ஓர் ஆண்டுக்குள் உங்களுக்கு என்னென்ன மாறின என்று எழுதிப் பாருங்கள். ஒன்றுதான் என்று நினைத்திருந்த இடத்தில் நான்கு இருக்கும். எனக்கு வேலை, வீடு, தெரு, 'ஆபீஸ் சார்' என்று அழைக்கப்பட்ட பெயர் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருந்தன.

அடுத்து, சடங்கு இல்லாத இழப்புக்கு நீங்களே ஒரு சடங்கை வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டைக் காலி செய்யும் நாளில் லாரிக்காரரின் அவசரத்துக்கு ஓடாமல், முந்தைய நாளே குடும்பத்தோடு ஒவ்வோர் அறையாகச் சென்று, இங்கேதான் அம்மா இட்லிக்கு ஆட்டினாள், இந்தத் தூணில்தான் தம்பி மண்டையை உடைத்துக்கொண்டான் என்று பேசிவிட்டு வாருங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அந்தப் பேச்சு அத்தனையும் பிறகு எனக்குள்ளேயே கிடந்து புழுங்கியது. துட்டி கேட்க யாரும் வராத இழப்பாயின், கேட்பதற்கு ஓர் ஆளை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். அவர் அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி வாயை அடைக்காதவராக இருந்தால் போதும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் உளவியலாளர் 1980களில் சோதித்துப் பார்த்த முறை எளிமையானது: தொடர்ந்து மூன்று நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம், நடந்ததையும் அதனால் மனத்தில் ஓடுவதையும் எழுத்துப்பிழை பாராமல் எழுத வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டாம். முடிந்தபின் கிழித்துப் போட்டாலும் சரி. எழுத எழுத நெஞ்சடைப்பதுபோல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நாள் முழுவதும் அதையே நினைத்திருக்கவும் கூடாது, நினைக்கவே மாட்டேன் என்று விரட்டவும் கூடாது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்னும் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல், துக்கப்படுபவரின் மனம் இழப்பின் பக்கம் ஒரு நேரமும் புதிய வேலைகளின் பக்கம் ஒரு நேரமுமாக ஊசலாடுவதே இயல்பு என்று விளக்கினார்கள். ஆகவே காலையில் அழுதுவிட்டு மதியம் மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு அலைவதில் குற்றம் ஏதுமில்லை. இரண்டுமே தேவையான வேலைகள். நாளில் மூன்று நேரங்களை மட்டும் அசையாமல் வைத்துக்கொள்வது உதவும்: எழும் நேரம், சாப்பிடும் நேரம், வீட்டைவிட்டு வெளியேறும் நேரம். எனக்கு அந்த மூன்றாவது, திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் காலை நடை என்று அமைந்தது. முதல் மாதம் யாரிடமும் பேசாமல் நடந்தேன், இரண்டாம் மாதம் ஒருவர், "புதுசா வந்திருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார்.

பெரிய முடிவுகளை ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள். ஓய்வுபெற்ற மாதமே பணிக்கொடை எவ்வளவு என்று உறவுக்காரர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஒருவர் சீட்டுச் சேரச் சொல்வார், ஒருவர் ஒத்தக்கடையில் மனை காட்டுவார். "ஆறு மாதத்துக்கு வங்கியில் போட்டுவிட்டேன், மாமா" என்பதைச் சிரித்தபடி சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கணவரை இழந்த பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். மகன் நல்லவனாகவே இருந்தாலும், வீட்டை எழுதிக் கொடுப்பது, நகையை மாற்றுவது, அவனோடு போய்விடுவது ஆகியவற்றை அழுத கண்ணோடு முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் காலக்கெடு உள்ள காரியங்கள் காத்திராது: இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் கோப்போடு ஒப்படைத்து, வாரம் ஒருமுறை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், மது அளவு கூடினால், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், மருத்துவ உதவிக்கான நேரம் வந்துவிட்டது என்று பொருள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நேரில் செல்வதானால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது வீட்டில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, ஏற்கெனவே எந்தெந்த மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள், எது எப்போது மாறியது என்பவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நம்மில் பலருக்கு "கொஞ்சம் அசதியா இருக்குங்க" என்பதற்கு மேல் வாய் வராது. அப்போது அந்தத் தாளை அப்படியே அவரிடம் நீட்டிவிடலாம்.