மாருதி 800-ஆ, ஜென்னா? பழைய வண்டி எடுக்கும் முன்

இரண்டையும் ஒரே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். நான்கு பேர், ஏசி ஆன், மூன்றாம் கியர். 796 சிசி, மூன்று சிலிண்டர் 800 மூச்சு வாங்கும். இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டிவரும். 993 சிசி, நான்கு சிலிண்டர் ஜென் இழுத்துவிடும். இழுக்காமல், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

சந்துபொந்துக்கு 800தான் சௌகரியம். ஆனால் அதற்குச் சின்ன 12 அங்குலச் சக்கரம், பள்ளத்தில் தூக்கிப் போடும். ஜென்னின் கூரை தாழ்வு. உயரமானவர்களைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பாருங்கள்.

எதுவானாலும் தரைவிரிப்பைத் தூக்கி, தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் அந்த வண்டியே வேண்டாம். இன்ஜினைச் சரிசெய்யலாம், துருவோடு மல்லுக்கட்டி மாளாது. டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை) மாற்றிய பில் இல்லையா? வாங்கிய வாரமே புதுசு போடுங்கள்.